குற்றப்பத்திரிகையில் விடுபட்ட பெயர்கள்

2019-ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவின் தலைமை விருதையும், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சிறந்த படம் உள்ளிட்ட நான்கு ஆஸ்கர் விருதுகளையும் பெற்ற 'பாரசைட்' என்னும் தென்கொரியப் படத்தைப் பற்றி, படித்தவர்களும் மற்றவர்களும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிட்ட தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஆள்மாறாட்டம் செய்து ஒரு நல்ல குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்த வஞ்சகர்கள், தாம் விதைத்ததைத் தாமே அறுத்தார்கள் என்பதே அது. இந்தத் தீர்ப்பு தவறானது. சிறு குற்றத்தைப் பெருங்குற்றமாக உயர்த்தி, பெருங்குற்றத்தைக் காணாமலே விட்டுவிடுகிற தவறு இது. ஆகையினால்தான், படத்தில் மெய்யாகவே அநீதிக்கு ஆளான இருவரைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம்.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடும் எடுத்துரைப்பது கடமை. சியோல் நகரில், தெருமட்டத்துக்குப் பாதி கீழே அமைந்த இருட்டு வீடொன்றில், பீட்சா பெட்டிகளை மடித்துக் கொடுத்து ஜீவனம் செய்கிற கிம் குடும்பத்தில் நால்வர். மகன் கி-வூ, நண்பன் ஒருவனுடைய சிபாரிசையும், தங்கை கணினியில் தயாரித்துத் தந்த யோன்செய் பல்கலைக்கழகத்தின் போலிச் சான்றையும் கொண்டு, செல்வரான பார்க் வீட்டில் ஆங்கில ஆசிரியனாக நுழைகிறான். தங்கை கி-ஜுங் அமெரிக்காவில் படித்த 'ஜெசிக்கா' என்னும் ஓவிய ஆசிரியையாகவும், தந்தை கி-தேக் நெடுநாள் அனுபவமுள்ள காரோட்டியாகவும், தாய் சுங்-சூக் உயர்ந்த நிறுவனம் ஒன்று தேர்ந்தனுப்பிய வீட்டுப் பணிப்பெண்ணாகவும் ஒருவர் பின் ஒருவராக அதே வீட்டில் அமர்கிறார்கள். ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள் போல நடிக்கிறார்கள். பார்க் தம்பதியர் கடிந்து பேசாதவர்கள், கூலியைக் குறைக்காதவர்கள், நம்பியவர்கள். முடிவில் அந்த வீட்டுத் தலைவன் தன் மகனின் பிறந்தநாள் விருந்தில் கத்திக்குத்துப்பட்டு இறக்கிறான்; வஞ்சித்த குடும்பமும் மகளை இழந்து சிதறுகிறது. வறுமை பொய்க்கு அனுமதிச் சீட்டு ஆகாது என்பதை, ஏழைகளிடம் அனுதாபமுள்ள இயக்குநர் போங் ஜூன்-ஹோவே ஒப்புக்கொண்டு எழுதிய முடிவு இது என்கிறார்கள். வறுமையைக் காட்டி எதையும் நியாயப்படுத்தலாகாது என்கிற அந்தக் கொள்கையில் எனக்கும் உடன்பாடுதான். அந்தக் கொள்கையை இவர்கள் தவறான ஆள்மீது ஏற்றுகிறார்கள் என்பதே என் வழக்கு.

1. பார்க் குடும்பம் இழந்தது என்ன? வஞ்சனை என்று ஒன்றைச் சொல்வதானால், கொடுத்த விலைக்குரிய பொருள் வாங்கினவனுக்குக் கிடைக்காமற்போயிருக்க வேண்டும். கி-வூ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை நான்கு முறை எழுதியவன். குடித்துக் காலங்கழிக்கும் கல்லூரி மாணவரைக் காட்டிலும் அவனே நன்றாகப் பாடம் சொல்லித் தருவான் என்று, மெய்யான கல்லூரி மாணவனும் அவனை அனுப்புகிறவனுமான நண்பனே வாய்விட்டுச் சொல்கிறான். கி-தேக் கார் ஓட்டத் தெரிந்தவனா என்பதை, கையில் காப்பிக் கோப்பையை ஏந்தியபடி பின்னிருக்கையில் அமர்ந்து சோதிக்கிற பார்க், கார் திருப்பத்தில் வளைகையிலும் கோப்பை தளும்பாததைக் கண்ணால் கண்டு திருப்தியடைகிறான். சுங்-சூக் சமைத்தாள், துடைத்தாள், துவைத்தாள். இவற்றில் எதுவும் நடிப்பு அல்ல. கி-ஜுங் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கிறேன். ஒரு சிறுவனின் கிறுக்கலைப் பார்த்து அவனுக்கு மனநோயின் அடையாளம் இருப்பதாகச் சொல்லி, கலை வழிச் சிகிச்சை என்று இணையத்தில் படித்ததை ஒப்பித்துத் தன் கூலியை ஏற்றிக்கொண்டது வஞ்சனையேதான். குழந்தையின் பெயரால் தாயின் அச்சத்தை விலைபேசிய செயல் அது. அதை நான் எந்த வகையிலும் மறைக்க மாட்டேன்.

ஆனால் மற்ற மூவரும் போலியாகக் காட்டியது தகுதியையன்று; தகுதி தங்களிடம் இருக்கிறது என்பதைச் செல்வர் வீடு ஒப்புக்கொள்ளும்படி செய்கிற முத்திரையை மட்டுமே. அந்த முத்திரைக்கும் அவ்வீட்டில் என்ன மதிப்பு இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகச் சான்றை நீட்டியபோது, நண்பன் மின் சொல்லியனுப்பியவர் என்பதால் காகிதம் பெரிதல்ல என்று திருமதி பார்க் அதை அரைப்பார்வையாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். கதவைத் திறந்தது போலிச் சான்று அன்று. தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்லும் சிபாரிசுதான். அந்தச் சிபாரிசு உண்மையானது. வாயிற்காவலன் வேலை ஒன்றுக்கு ஐந்நூறு பட்டதாரிகள் மொய்க்கிற காலம் இது என்று கி-தேக் ஓரிடத்தில் சொல்கிறான். அப்படிப்பட்ட நகரில், சிபாரிசு என்னும் சாவி கையில் இல்லாத நேர்மையாளன் எத்தனை தகுதியோடு வந்தாலும் அந்த வாசலைத் தாண்டியிருக்க மாட்டான் என்பதைத் தீர்ப்புச் சொல்வோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. முதல்நாள் பாடம் முடிந்ததும் திருமதி பார்க் உறையிலிருந்து சில நோட்டுகளை உருவியெடுத்துக்கொண்டு மீதியைக் கி-வூவிடம் தருகிறாள். தரும்போது, விலைவாசியைக் கருதி முன்னவருக்குக் கொடுத்ததைவிடக் கூட்டித் தருவதாகச் சொல்கிறாள். அவனுக்கு 'கெவின்' என்ற பெயரைச் சூட்டுபவளும் அவளே. பொய் அந்த வீட்டுக்குள் கிம் குடும்பத்தின் செருப்போடு வந்து சேரவில்லை. அவர்கள் வருமுன்னரே அங்கே அது குடியிருந்தது.

2. ஆள்மாறாட்டம் எப்போது அம்பலமாயிற்று? காரணகாரியத் தொடர்பைப் பற்றிய இந்தக் கேள்விக்கு, தண்டனைக் கோட்பாட்டினர் ஒருவராலும் பதில் சொல்ல முடியாது. குற்றத்துக்குத் தண்டனை என்று சொன்னால், குற்றம் வெளிப்பட்டதால் வந்த விளைவாக அது இருக்க வேண்டும். இந்தப் படத்திலோ, பார்க் குடும்பத்தாரில் ஒருவருக்கும் அந்த நால்வரும் ஒரே குடும்பம் என்பது நிகழ்ச்சிகள் நடக்கும் காலத்தில் தெரியவே தெரியாது. கத்தி தன் மார்பில் இறங்குகையில்கூட, தன்னைக் குத்துகிறவன் தன் காரோட்டி என்பதற்கு மேல் பார்க் எதையும் அறியமாட்டான். பார்க் வீட்டாரின் முன் பூண்ட வேஷம் கடைசி வரையில் கலையாமலே நின்றது.

கலைந்தது வேறொன்று. கி-தேக்குக்கும் சுங்-சூக்குக்கும் ஒரே வாடை அடிக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பவன் பார்க்கின் சிறுமகன். அது பாதாள வீட்டின் வாடை, அந்த வீட்டை விட்டு வெளியேறினாலொழியப் போகாது என்று கி-ஜுங் சொல்கிறாள். போலி ஆசிரியனையோ போலிக் காரோட்டியையோ பார்க் என்றும் அருவருத்ததில்லை. போலியின் அடியில் இருந்த மெய்யான ஏழையின் உடம்பை, அதன் ஈரத்தை, அதன் மணத்தைத்தான் அவன் மூக்கைச் சுளித்து விலக்கினான். கத்தி அதற்கு எழுந்த பதில். அந்தக் கொலையை நான் நியாயமென்று சொல்லவில்லை. ஆனால் அதன் காரணம் பொய் அன்று, உண்மை. கி-தேக் ஒரு பொய்யும் சொல்லாமல், நேர்வழியில், நல்ல சிபாரிசோடு அந்த வேலைக்கு வந்திருந்தாலும் அந்த வாடை அவனோடு வந்திருக்கும். அந்த மூக்கும் அப்படியே சுளித்திருக்கும்.

வெள்ளத்தையும் தண்டனைக் கணக்கில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க் வீட்டிலிருந்து தப்பியோடி, படி படியாக, தெருத் தெருவாகக் கீழே இறங்கி வருகிற தந்தையும் மகனும் மகளும் தங்கள் வீட்டைக் கழுத்தளவு சாக்கடை நீரில் காண்கிறார்கள்; இதுவே விதியின் கை என்கிறார்கள். அந்த இரவில் அத்தெரு முழுவதும் மூழ்கியது. உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்த அயலார் எந்தச் சான்றிதழையும் திருத்தவில்லையே, அவர்களைத் தண்டித்தது யார்? 2022 ஆகஸ்ட் மாதத்தில் சியோலில் பெய்த பெருமழையில், இத்தகைய பாதிநிலவறை வீடொன்றில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் வெளியேற வழியின்றி மூழ்கி மாண்டார்கள். அதன் பின்னரே அவ்வகை வீடுகளைப் படிப்படியாக ஒழிப்பதாக நகர நிர்வாகம் அறிவித்தது. மழைநீர் தாழ்ந்த இடத்தை நோக்கி ஓடும். அதற்கு நீதிநூல் தெரியாது.

3. நாம் சிரித்தது யாருடைய செலவில்? இந்தக் கேள்விதான் இந்தப் படத்தின் இருதயம். நிலவுகிற அபிப்பிராயம் இதனருகே வருவதே இல்லை.

முற்பகுதி ஹாஸ்யம், பிற்பகுதி சோகம், மழையிரவில் வாயில்மணி ஒலிக்கும்போது படம் வேறொன்றாக மாறிவிடுகிறது என்பது விமரிசனங்களில் நிலைபெற்றுவிட்ட வாக்கியம். படம் மாறவில்லை. மணியை அடிப்பவள் யார்? அந்த வீட்டைக் கட்டிய சிற்பியின் காலத்திலிருந்தே அங்கே பணிசெய்து, பிறகு கிம் குடும்பத்தின் சூழ்ச்சியால் துரத்தப்பட்ட மூன்-குவாங். அவளுக்குப் பீச்சுப் பழம் ஒவ்வாது. அந்தப் பழத்தின் தோலிலுள்ள மெல்லிய முடியைச் சீவி அவள்மீது தூவி, இருமச் செய்து, மருத்துவமனையில் அவளைக் கண்டதாக எசமானியிடம் கதை கட்டி, குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்த காகிதத்தில் மிளகாய்க் குழம்பைச் சிந்தி அதைக் காச நோயின் இரத்தமென்று நம்பவைத்து, அவளை வெளியேற்றுகிறார்கள். தந்தைக்கு மகன் வசனம் எழுதி ஒத்திகை பார்க்கிறான். ஜுங் ஜே-இல்லின் இசை உற்சாகமாக ஏறி ஏறி வருகிறது. காட்சி நடனத்தைப் போல வழுவழுவென்று ஓடுகிறது. அரங்கம் சிரிக்கிறது. நானும் சிரித்தேன். அச்சிரிப்பின் நடுவில், நோயில்லாத ஒருத்திக்கு நோய் கற்பிக்கப்பட்டதும், அவளிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் பொய்க்காரணம் சொல்லி எசமானி அவளை அனுப்பியதும், எவ்வித உறுத்தலும் இன்றி நம்மைக் கடந்துபோயின.

அதற்கு முன்னே காரோட்டி யூன். வீட்டில் இறக்கிவிட வந்த அவன் ஓட்டிய காரின் பின்னிருக்கையில் கி-ஜுங் தன் உள்ளாடையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செல்ல, மானத்துக்கு அஞ்சிய பார்க் தம்பதியர் காரணத்தைக் கூடச் சொல்லாமல் அவனை நீக்கிவிடுகிறார்கள். அவன் செய்த பிழை, ஓர் இளம்பெண்ணை இருட்டில் தனியே விடமாட்டேன் என்று சொன்னதுதான். இந்த இருவருடைய வயிற்றில் அடித்துத்தான் கிம் குடும்பத்தின் தந்தையும் தாயும் உத்தியோகம் பெற்றார்கள். ஆள்மாறாட்டத்தால் நேர்ந்த கேடு இங்கே இருக்கிறது; செல்வரின் பணப்பெட்டியில் அன்று. மதுவின் மயக்கத்தில், யூனுக்கு வேறு வேலை கிடைத்திருக்குமா என்று கி-தேக் ஒரு கணம் நினைக்கிறான். உதவி வேண்டியவர்கள் நாம்தான், நம்மைப் பற்றி மட்டும் கவலைப்படு என்று மகள் சீறுகிறாள். கிம் குடும்பத்தின் மெய்யான குற்ற வாக்குமூலம் அந்தச் சீற்றம்.

மணி அடித்தபின் நடப்பதைக் கவனியுங்கள். பார்க் வீட்டு நிலவறைக்குள் மூன்-குவாங் நான்கு ஆண்டுகளுக்கு மேலாகத் தன் கணவன் குன்-சேயை ஒளித்து வைத்திருந்தாள் என்பது தெரிகிறது. தைவான் பாணிக் கேக் கடை வைத்து நொடித்து, கந்துவட்டிக்காரர்களிடம் உயிருக்கு அஞ்சி ஓடி ஒளிந்தவன் அவன். அதே கேக் வியாபாரத்தில் கி-தேக்கும் கையைச் சுட்டுக்கொண்டவன். இரண்டு குடும்பங்களையும் வீழ்த்தியது ஒரே வியாபார மோகம். நடுவில் நிற்பது ஒரு கதவு. மூன்-குவாங் சுங்-சூக்கை 'அக்கா' என்று அழைத்து, இல்லாதவர்களுக்குள் ஒருவர்க்கொருவர் இரங்கக் கூடாதா என்று மன்றாடுகிறாள். நான் இல்லாதவள் அல்ல என்கிறாள் சுங்-சூக். ஆள்மாறாட்டம் முழுமையடைவது இந்த இடத்தில்தான். பார்க் வீட்டாரின் முன் அவள் பூண்டது பணிப்பெண் வேஷம். அவள் மெய்யாகவே பணிப்பெண் ஆகிவிட்டதால் அதில் பொய் மிகுதியில்லை. மூன்-குவாங்கின் முன் அவள் வேஷம் போட்டது வீட்டுக்காரியாக. தன்னைப் போன்ற ஒருத்தியைப் பார்த்து, நீ வேறு நான் வேறு என்று சொல்லத் துணிந்த அந்த வேஷத்தை மன்னிக்க என்னால் இயலவில்லை. சற்று நேரத்தில் நால்வரின் உறவும் அம்பலமாகி, மூன்-குவாங்கின் கைபேசியில் படமாகி, அவளும் தன் பங்குக்குக் கணவனோடு சேர்ந்து அவர்களை மண்டியிடச் செய்து, செய்தி அனுப்பும் பொத்தானை ஏவுகணையைப் போலக் காட்டி மிரட்டுகிறாள். கருணை ஏழையின் பிறவிக்குணம் என்னும் பொய்யைப் போங் எந்தப் பக்கத்துக்கும் சொல்லவில்லை. பின்னர் மேலேறி வருகிற அவளைச் சுங்-சூக் உதைத்துப் படிக்கட்டில் உருட்டுகிறாள். தலையில் பட்ட அடியால் மூன்-குவாங் இறக்கிறாள். பீச்சுப் பழக் காட்சியில் நாம் சிரித்த சிரிப்பின் தொடர்ச்சியே அந்த உதை. இரண்டையும் இரண்டு படங்களாகப் பிரிப்பவர்கள் தங்கள் சிரிப்பைக் கணக்கிலிருந்து தள்ளிவிடப் பார்க்கிறார்கள்.

4. கிம் குடும்பத்தைப் புரட்சிக்காரர்களாக்கிப் போற்றுவோருக்கும் ஒரு வார்த்தை. தண்டனைக் கோட்பாட்டுக்கு நேரெதிராக நிற்பதாக எண்ணிக்கொண்டு, கி-தேக்கின் கத்தியை வர்க்கத்தின் கத்தி என்று கொண்டாடுகிறவர்களும் மூன்-குவாங்கைத் தாண்டித்தான் போகிறார்கள். சகதொழிலாளியை நோயாளியென்று அவதூறு செய்து வேலையைப் பறித்த செயலில் வர்க்க ஒற்றுமை எங்கே இருக்கிறது? இரண்டு கட்சியாரும் ஏழை, செல்வன் என்று இரண்டே பேரைத் தராசில் வைக்கிறார்கள். மூன்றாமவள் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

5. நம் நாட்டில் இந்தத் தவறு இத்தனை எளிதாக வேரூன்றியதற்கு நம்முடைய திரைச் சம்பிரதாயமும் ஒரு காரணம். படம் ஆஸ்கர் பெற்ற அதே மாதத்தில், 1999-இல் கே. எஸ். ரவிகுமார் இயக்கத்தில் விஜய் நடித்து வெளியான 'மின்சாரக் கண்ணா'வின் கதையே களவாடப்பட்டதென்று, அதன் உரிமையை வைத்திருந்த தயாரிப்பாளர் சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாக அறிவித்தார். நண்பர்கள் பலரும் அதை மெய்யென்று நம்பினார்கள். ஒரு குடும்பத்தார் உறவை மறைத்து ஒரே செல்வர் வீட்டில் வேலைக்கு அமர்வது இரண்டிலும் உண்டு என்பது சரி. அந்த உத்தி எவருடைய தனிச்சொத்தும் அன்று. அங்கே காதலின் பொருட்டுப் பூணப்படுகிற வேஷம், காதல் கைகூடியதும் களையப்படுவதற்கென்றே பூணப்படுகிறது.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) முத்துராமன் நண்பனுக்காகச் செல்வக் கிழவராக வேஷமிட்டு பாலையாவின் வீட்டில் நுழைவதும், பாலசந்தரின் 'தில்லு முல்லு'வில் (1981) ரஜினிகாந்த் பெற்ற வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இல்லாத இரட்டைச் சகோதரனைப் படைப்பதும் இந்தப் பரம்பரையில் வந்தவை. அவை எனக்கு மிகவும் பிரியமான படங்கள். பின்னதில் வேலைக்காகப் பொய் சொல்ல நேர்கிற இளைஞனின் நிலை உண்மையிலேயே வேதனையானதுதான். ஆயினும் அவற்றில் எல்லாம் வேஷம் கலையும் ஒரு தருணம் உறுதியாக வருகிறது. ஏமாந்தவர் கோபிக்கிறார், பிறகு மன்னிக்கிறார், திருமணத்தில் முடிகிறது. இந்த ஒழுங்குக்குப் பழகிய கண், வேஷம் கலையாமலே முடிகிற ஒரு படத்தைக் காணும்போது, மன்னிப்பு கிட்டாததால் இது தண்டனையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிடுகிறது. மன்னிக்கவோ தண்டிக்கவோ உரிமையுள்ளவர் ஏமாந்த எசமானர் ஒருவரே என்னும் முன்முடிவை அந்தக் கண் கேள்வி கேட்பதில்லை. மூன்-குவாங்கிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு விமரிசகராவது எழுதி நான் படித்ததில்லை.

6. சட்டம் என்ன சொல்லிற்று என்பதைக் கடைசியாகப் பார்ப்போம். படத்தின் இறுதியில், கி-வூவும் சுங்-சூக்கும் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். பத்திரங்களைப் போலியாகத் தயாரித்ததும் அத்துமீறிப் புகுந்ததும் குற்றங்களாக நிலைநாட்டப்படுகின்றன. விருந்தில் கத்தியோடு பாய்ந்த குன்-சேயைச் சுங்-சூக் கொன்றது தற்காப்பு எனப்படுகிறது. இருவரும் சிறை செல்லாமல், நன்னடத்தை நிபந்தனையோடு வீடு திரும்புகிறார்கள். நம்மிடையே வழங்குகிற அபிப்பிராயமும் இந்த நீதிமன்றமும் ஒரே குற்றப்பத்திரிகையைத்தான் கையில் வைத்திருக்கின்றன. எழுதியிருப்பது காகிதத்தைத் திருத்தியதும், செல்வர் வீட்டு வாசலைத் தாண்டியதும். எழுதாமல் விட்டது மூன்-குவாங்கின் மரணம். அவள் உடலை, அதே நிலவறையில் ஒளிந்துகொண்ட கி-தேக், வீடு காலியாகக் கிடந்த நாட்களில் தோட்டத்து மரத்தடியில் புதைத்தான் என்பது, மகனுக்கு அவன் விளக்கொளியைச் சிமிட்டி அனுப்புகிற தந்திச் சேதியிலிருந்து நமக்கு மட்டும் தெரிகிறது, காவல்துறைக்குத் தெரியாது.

அந்தச் சேதியைப் படித்த கி-வூ, பெரும்பொருள் ஈட்டி, அந்த வீட்டையே விலைக்கு வாங்கித் தந்தையை மீட்பதாக மனத்தில் சபதம் செய்கிறான். சாதாரணச் சம்பளத்தில் அப்படி ஒரு வீட்டை வாங்க 500 ஆண்டுகளுக்கு மேலாகும் என்று போங்கே பேட்டிகளில் கணக்குச் சொல்லியிருக்கிறார். விமரிசகர்கள் அந்தக் கணக்கைப் பெரிதும் எடுத்துரைத்துப் பெருமூச்செறிகிறார்கள். அவன் திட்டத்தின் நிறைவேறாமையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் உள்ளடக்கம். வீட்டை வாங்குவான், தந்தை மேலே வருவான், தாயும் மகனும் வெயிலில் நிற்பார்கள். மரத்தடியில் கிடப்பவளுக்கும், வேலை போன யூனுக்கும் அந்தத் திட்டத்தில் ஒரு வரியும் இல்லை. தண்டனை முடிந்தது, நீதி நிறைவேறியது என்று எழுதுகிறவர்கள் இந்த இருவருக்கும் யார், எப்போது, எந்தத் தண்டனையால் ஈடு செய்தார்கள் என்பதைக் காட்டட்டும். காட்டிய பிறகு அந்தச் சொல்லை நானும் ஏற்றுக்கொள்கிறேன்.